பேர் சொல்ல ஒரு பிள்ளை

எங்கள் அத்தை வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்தால் பதினைந்து நாள் தங்குவாள். அந்தப் பதினைந்து நாளில் ஒரு நாளாவது, சாப்பாடு முடிந்து வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கும்போது, என் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள். எனக்குப் பிள்ளை கிடையாது என்பது அத்தைக்குப் பழைய செய்திதான். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டதுபோல் வருத்தப்படுவாள்.

"எல்லாம் இருக்குடா தம்பி. ஆண்டவன் ஒரு குறையும் வைக்கலை. பேர் சொல்ல ஒரு பிள்ளைதான் இல்லை" என்றாள் இந்தத் தடவையும்.

சமையலறையில் பாத்திரங்களின் ஓசை சற்றுப் பலமாகக் கேட்டது. நான் பேசாமல் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். நாற்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கு இம்மாதிரி சமயங்களில் வேறு என்ன வழி இருக்கிறது?

கையில் அகப்பட்டது அகதா கிறிஸ்டி 1950-ல் எழுதிய 'எ மர்டர் ஈஸ் அனௌன்ஸ்ட்' என்ற துப்பறியும் நாவல். அதில் ஒரு கிராமத்தில் கல்யாணமாகாத இரண்டு சீமாட்டிகள் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். ஒருத்தியின் பெயர் ஹின்ச்கிளிஃப், மற்றொருத்தி மர்கட்ராய்ட். இந்த இரண்டாவது பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'மர்க்கடம்' என்று யாரோ திட்டுவதுபோல் இருக்கிறதல்லவா? ஸ்மித் தெரியும், ஜான்ஸன் தெரியும். இது என்ன மர்கட்ராய்ட்? கொலையாளியைக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு இந்தப் பெயரின் பூர்வோத்தரத்தைத் துப்பறிய ஆரம்பித்தேன். அதில் அகப்பட்ட விஷயங்களைத்தான் வாசகர்களுக்குச் சொல்லப்போகிறேன். கடைசியில் அத்தைக்குப் பதில் கிடைத்ததா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஜான் என்றால் ஜான், அவ்வளவுதான். 1066-ல் நார்மானியர்கள் வந்து நாட்டைப் பிடித்த பிறகு, நிலமும் பத்திரமும் வரியும் பெருகின. ஊருக்கு ஊர் பத்து ஜான், பன்னிரண்டு வில்லியம் என்று இருந்தால் கணக்கெழுதுகிறவன் என்ன செய்வான்? 'கொல்லன் ஜான்', 'ராபர்ட் மகன் ஜான்', 'குட்டை ஜான்', 'ஓடைக்கரை ஜான்' என்று அடைமொழி சேர்த்தான். அந்த அடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டபோது அது குடும்பப் பெயர் ஆயிற்று. தெற்கில் இது முன்னால் நடந்தது. வடக்கே மெதுவாக வந்தது. யார்க்‌ஷயர் மாதிரி வடபகுதிகளில் பதினான்காம் நூற்றாண்டில்கூடப் பலருக்குப் பெயர் நிலைபெறவில்லை.

யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதியில் ஹாலிபாக்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிலும் மலைச்சரிவுகள். மேலே ஏறினால் மரமில்லாத, காற்று வீசுகிற, புதர் மண்டிய மேட்டுநிலம். அதற்கு 'மூர்' என்று பெயர். 'உதரிங் ஹைட்ஸ்' படித்தவர்களுக்கு இந்த நிலத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அதை எழுதிய எமிலி பிராண்டி 1838-ல் ஹாலிபாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவள்தான். பள்ளத்தாக்குக்கும் மேட்டுநிலத்துக்கும் நடுவே இருந்த காட்டைப் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் குடியானவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் திருத்திக் கழனியாக்கினார்கள். அப்படித் திருத்திய நிலத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் 'ராட்' என்று பெயர். அந்தப் பகுதி ஜனங்களின் நாக்கு விசேஷமானது. 'கோல்' என்ற நிலக்கரியை 'காய்ல்' என்பார்கள்; 'ஹோல்' என்ற துவாரத்தை 'ஹாய்ல்' என்பார்கள். அந்த நாக்கில் 'ராட்' என்பது 'ராய்ட்' ஆகிவிட்டது.

இப்போது நம் மர்கட்ராய்டைப் பிரித்துப் பார்க்கலாம். மூர், கேட், ராய்ட். இதில் 'கேட்' என்பதைக் கதவு என்று நினைத்தால் ஏமாந்து போவோம். 866-ல் யார்க் நகரத்தைப் பிடித்து அங்கேயே குடியேறிய டேனியர்களின் மொழியில் அதற்குப் பாதை என்று அர்த்தம். இன்றைக்கும் லீட்ஸ் நகரத்தில் கிர்க்கேட் என்றால் கோயில் தெரு. பிரிகேட் என்றால் பாலத்துத் தெரு. ஆகவே மர்கட்ராய்ட் என்றால் 'மேட்டுநிலத்துக்குப் போகும் வழியில் காடு வெட்டித் திருத்திய இடம்'. ஒரு பெயருக்குள் ஆங்கிலேயன் இருக்கிறான், டேனியன் இருக்கிறான், கோடரி பிடித்த ஒரு குடியானவனும் இருக்கிறான். நான் சிரித்தது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஹாலிபாக்ஸை அடுத்த வார்லி என்ற இடத்துக்கு 1371-ல் ஒரு கான்ஸ்டபிள் நியமிக்கப்பட்டான். அவன் பெயர் ஜான். மர்கட்ராய்ட் என்ற இடத்தைச் சேர்ந்த ஜான் என்று பதிவாகியிருக்கிறது. இந்தப் பெயருள்ள குடும்பங்களெல்லாம் அவன் ஒருவனிடமிருந்து கிளைத்தவை என்பது குடும்ப வரலாறு எழுதியவர்களின் கட்சி. அந்த வருஷத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1348, 1349-ம் வருஷங்களில் 'கருப்புச் சாவு' என்னும் கொள்ளைநோய் இங்கிலாந்து ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிக்கொண்டு போயிற்று. ஜான் கான்ஸ்டபிள் ஆனது அது நடந்து இருபத்திரண்டு வருஷம் கழித்து. எத்தனையோ 'ராய்ட்'காரர்களின் வம்சம் ஒரே கோடையில் முடிந்துபோன தேசத்தில் இவன் வம்சம் நின்றது. இவன் மற்றவர்களைவிட உத்தமனாக இருந்ததால் நின்றது என்று சொல்ல முடியாது. நின்றது, அவ்வளவுதான்.

பிறகு அந்தப் பெயர் ஏன் அங்கேயே வேர் விட்டது? அதற்கு ஆடுதான் காரணம். ஹாலிபாக்ஸ் மேட்டுநிலத்தில் ஓட்ஸைத் தவிர வேறு தானியம் ஒழுங்காக விளையாது. நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் நிலத்தை மட்டும் நம்பினால் பட்டினிதான். ஆனால் கம்பளி உண்டு, தண்ணீர் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் தறி ஓடிற்று. நிலமும் தறியும் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றின. இளைய பிள்ளைகள் பிழைப்புத் தேடித் தூரதேசம் போக வேண்டிய அவசியம் இல்லாமல், பக்கத்துச் சரிவிலேயே ஒரு தறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1720-களில் அந்த வழியாகப் போன 'ராபின்ஸன் குரூஸோ' ஆசிரியர் டானியல் டீபோ, சரிவெங்கும் வீடுகளையும், வீட்டுக்கு வீடு சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயப்போட்டிருந்த துணிகளையும் பார்த்து அதிசயித்து எழுதியிருக்கிறார்.

மர்கட்ராய்டுகளில் சிலர் துணி வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவனான ஜேம்ஸ் மர்கட்ராய்ட், 1638-ல் கீலி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஈஸ்ட் ரிடில்ஸ்டன் ஹால் என்ற மாளிகையை வாங்கி, பெரிதாக இடித்துக் கட்டினான். உள்நாட்டு யுத்தத்தில் அவன் ராஜாவின் கட்சி. காடு வெட்டியவனின் சந்ததி பிரபு மாதிரி வாழ்ந்தாயிற்று. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்த மாளிகையில் இருந்த மர்கட்ராய்டுகளின் அட்டூழியத்தைக் காணச் சகியாமல், பக்கத்தில் ஓடிய ஏர் நதியே வெட்கப்பட்டுத் திசைமாறிப் போய்விட்டது என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். அந்த மாளிகை பல கை மாறி, 1934-ல் பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டிடம் வந்து சேர்ந்தது. மர்கட்ராய்டுகள் போய்விட்டார்கள், வெட்கப்பட்ட நதியின் கதை மட்டும் நிற்கிறது. 'பேர் சொல்வது' என்பதில் இப்படியும் ஒரு வகை உண்டு.

இதன் பின்னர் அந்தப் பெயர் நாடக மேடை ஏறிற்று. 1887 ஜனவரியில் லண்டன் சவாய் தியேட்டரில் கில்பர்ட், ஸல்லிவன் என்ற இரட்டையர்கள் 'ரடிகோர்' என்ற இசை நாடகத்தை அரங்கேற்றினார்கள். அதில் வருவது மர்கட்ராய்ட் என்ற பிரபு வம்சம். ஒரு சூனியக்காரியின் சாபத்தால் அந்த வம்சத்துத் தலைவன் ஒவ்வொருவனும் தினம் ஒரு குற்றம் செய்தாக வேண்டும். தவறினால் சித்திரவதைப்பட்டுச் சாவான். சுவரில் தொங்கும் மூதாதையர் படங்களெல்லாம் உயிர் பெற்று இறங்கி வந்து, "இன்றைய குற்றம் ஆயிற்றா?" என்று விசாரிக்கின்றன. கில்பர்ட் கதையை நடத்தியிருப்பது தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வாலில். யார்க்‌ஷயர்ப் பெயரைக் கொண்டுபோய்க் கார்ன்வாலில் நட்டது பூகோளப்படி தப்பு. ஆனால் காதுக்கு அந்தப் பெயர் இருக்கிற இருப்பை எந்த எழுத்தாளன்தான் விடுவான்? நானும் அதே குலத்தைச் சேர்ந்தவனாகையால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த 'ராய்ட்' கூட்டத்தில் எழுத்தாளர்களுக்கு எப்போதுமே ஓர் ஆசை. கிறிஸ்டியே 1926-ல் ரோஜர் ஆக்ராய்ட் என்பவரைக் கொன்று புகழ் பெற்றாள். ஆக்ராய்ட் என்றால் 'ஓக் மரத்துக் கழனி'. இந்தியாவில் இருந்த மூன்று வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றி 1888-ல் கிப்ளிங் கதைகள் வெளியிட்டபோது, அதில் யார்க்‌ஷயர்க்காரனுக்கு லீராய்ட் என்று பெயர் வைத்தார். 1992-லிருந்து 2000 வரை பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் சபாநாயகராக இருந்த முதல் பெண்மணி பெட்டி பூத்ராய்ட், அதே மேற்கு யார்க்‌ஷயரில் டியூஸ்பரியில் பிறந்தவர். 'பூத்' என்றால் மாட்டுக்காரனின் குடிசை. குடிசைக்குப் பக்கத்துக் கழனி, பாராளுமன்றத்தின் உயர்ந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தது.

பெயர்கள் எங்கெங்கே பரவியிருக்கின்றன என்று ஆராய்வதற்கு ஒரு சாஸ்திரமே உண்டு. 1890-ல் கப்பி என்பவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கையாண்ட யுக்தி எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோருடைய பெயரையும் எண்ணாமல் விவசாயிகளின் பெயரை மட்டும் ஜில்லா ஜில்லாவாக எண்ணினார். ஏனென்றால் ஜனங்களில் இடம் விட்டு நகராதவன் விவசாயிதான். பிற்காலத்து ஆராய்ச்சியாளர்களுக்கு 1881-ம் வருஷத்து ஜனக்கணக்கு முழுவதும் அகப்பட்டது. ரயில் வந்து ஐம்பது வருஷம் ஆகியும், ஆலைகள் லட்சக்கணக்கான ஜனங்களை இழுத்தும், அபூர்வமான பெயர்களில் பெரும்பாலானவை பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கொத்தாக நின்றதை அந்தக் கணக்கு காட்டிற்று. மர்கட்ராய்டுகளும் அப்படித்தான். ஹாலிபாக்ஸ், பிராட்போர்ட், கீலி — இந்த வட்டாரத்தில் திரள். மலை தாண்டி லங்காஷயர்ப் பஞ்சாலைப் பக்கம் ஒரு சிதறல். தெற்கே போகப் போக ஒன்றிரண்டு. வார்லிக்குப் பக்கத்து லடண்டனில் 1847-ல் ஒரு கம்பளி ஆலை எழும்பிற்று. அதை நடத்தியவரும் ஜான் மர்கட்ராய்ட்தான். ஆலைக்குப் பெயர் ஓட்ஸ் ராய்ட். ஐந்நூறு வருஷத்தில் பெயரும் மாறவில்லை, ஊரும் அதிகம் மாறவில்லை.

கிறிஸ்டியின் மற்றொரு சீமாட்டி ஹின்ச்கிளிஃப் இருக்கிறாளே, அந்தப் பெயரும் அதே மேற்கு யார்க்‌ஷயரில் ஹோம்பர்த் என்ற ஊர்ப்பக்கத்தில் பிறந்ததுதான். கல்யாணமாகாத இரண்டு பெண்கள், பக்கத்துப் பக்கத்து மலையின் இரண்டு பெயர்கள். அவர்களோடு அந்தக் கிளை முடிந்தது. இதைப் படித்தபோது அத்தையின் பெருமூச்சு மாடிப்படி ஏறி வந்தது.

அத்தையின் கவலை இங்கிலாந்திலும் ஒருவரைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. பிரான்சிஸ் கால்டன் என்ற விஞ்ஞானி, பிரபு வம்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அற்றுப் போவதைக் கவனித்தார். சுகம் அதிகமானால் சந்ததி குறையும் என்று பலர் வியாக்கியானம் செய்தார்கள். கால்டனுக்குச் சந்தேகம்: இது வெறும் அதிர்ஷ்டக் கணக்காக ஏன் இருக்கக்கூடாது? ஒருவனுக்கு மூன்று பிள்ளை, ஒருவனுக்கு ஒன்று, ஒருவனுக்கு இல்லை. இப்படியே தலைமுறை தலைமுறையாகப் போனால் எத்தனை பெயர் மிஞ்சும்? 1873-ல் ஒரு பத்திரிகையில் இதைக் கணக்காகப் போட்டார். வாட்ஸன் என்ற பாதிரியார் விடை சொன்னார். 1874-ல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். எல்லாப் பெயரும் கடைசியில் அழிந்தே தீரும் என்பது பாதிரியாரின் விடை. அதில் ஒரு பிசகு இருந்தது. ஒருவனுக்குச் சராசரி ஒரு பிள்ளைக்கு மேல் இருந்தால் சில பெயர்கள் தப்பும் என்று 1930 வாக்கில் கணக்கைத் திருத்தினார்கள். ஆனால் அடிப்படை விஷயம் மாறவில்லை. பெயர் நிற்பதற்கும் குடும்பத்தின் யோக்கியதைக்கும் சம்பந்தமில்லை. அது தாயக்கட்டை உருட்டல்.

சரி, பெயர் நின்றாலாவது இரத்தம் நின்றதாகுமா? இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோஸோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. ஆக்ஸ்போர்டில் இருந்த பிரையன் ஸைக்ஸ் என்ற விஞ்ஞானி, தம்முடைய பெயரே யார்க்‌ஷயர்ப் பெயராக இருப்பதால், ஸைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்து 2000-ல் முடிவை வெளியிட்டார். ஸைக்ஸ் என்றால் சிற்றோடை. ஓடை எங்கும் உண்டு. ஆகவே பெயரும் பல இடத்தில் பிறந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அந்த 48 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரே குரோமோஸோம்! எல்லாம் ஒரே ஓடைக்கரை ஆசாமியிடமிருந்து வந்தது. மீதிப் பாதி? தத்து வந்த பிள்ளை, மாமனார் பெயரை ஏற்ற மருமகன், தாயின் பெயரைச் சுமந்த குழந்தை, வெளியே சொல்லாத இரகசியம் — எழுநூறு வருஷத்தில் ஒரு குடும்பத்தில் எதுதான் நடக்காது? அவர்களும் ஸைக்ஸ்தான்.

இதைவிட ஆச்சரியமானது 2007-ல் லெஸ்டர் சர்வகலாசாலையிலிருந்து வந்தது. கிழக்கு யார்க்‌ஷயரில் மட்டும் உள்ள மிக அபூர்வமான ஒரு பெயர். அதைத் தங்கள் கட்டுரையில் ஆராய்ச்சியாளர்கள் மரியாதையாக மறைத்துவிட்டார்கள். அந்தப் பெயருள்ள 18 பேரில் ஏழு பேருக்கு இருந்தது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த குரோமோஸோம். அவர்கள் பார்வைக்குச் சுத்த வெள்ளைக்காரர்கள். பழைய பதிவுகளைத் தேடியதில் இரண்டு வம்சக் கொடிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி யார்க்‌ஷயர் வரைக்கும் போயின. அதற்கும் முன்னால் எப்போதோ ஓர் ஆப்பிரிக்கன் வந்திருக்கிறான். ரோமானியப் படையோடு வந்தவனோ, அடிமைக் கப்பலில் வந்தவனோ, அவன் சந்ததி அசல் யார்க்‌ஷயர்க் குடியாக வாழ்ந்து கொண்டிருந்தது. வம்சப் பெருமை பேசுகிறவர்கள் இதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டு பிறகு பேசுவது நல்லது.

நான் ஒரு கணக்குப் போட்டேன். எனக்குத் தாய் தகப்பன் இரண்டு பேர். பாட்டன் பாட்டி நாலு பேர். அதற்கு மேல் எட்டு. இப்படியே இரட்டித்துக்கொண்டு இருபது தலைமுறை ஏறினால் 10,48,576 இடம் வருகிறது. ஒரே ஆள் பல இடத்தில் வருவான் என்று கழித்தாலும் ஒரு பெரிய ஜனக்கூட்டம். குடும்பப் பெயர் என்பது அந்தப் பத்து லட்சத்தில் ஒரே ஓர் இடத்தைத் தொட்டு, 'இதுதான் நான்' என்று சொல்கிறது. மற்ற இடங்களெல்லாம்? அவர்களும்தானே சோறு போட்டு வளர்த்தார்கள்? ஹாலிபாக்ஸ் தறிக்கு நூல் நூற்றவர்கள் பெண்கள். ஒவ்வொரு மர்கட்ராய்ட் பெண்ணும் கல்யாணத்தன்று அந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வீட்டுக்குப் போனாள். அவள் குழந்தைகளும் அந்தக் காட்டை வெட்டிய ஜானின் பேரக் குழந்தைகள்தான். பெயர் அபூர்வமாக இருக்கலாம். ஜானின் இரத்தம் அபூர்வமே அல்ல. யார்க்‌ஷயரில் பாதிப் பேருக்குள் அது ஓடிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

மறுநாள் மத்தியானம் அத்தை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் அத்தையின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். 'மர்க்கடம்' என்ற இடத்தில் அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். நதி வெட்கப்பட்ட இடத்தில், "பின்னே, படாதா?" என்றாள். தாயக்கட்டைக் கணக்கை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் அவன் போட்டு அனுப்பறது" என்று மேலே கையைக் காட்டினாள்.

என் அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் தம்பி எந்த ஊரில் பெண் எடுத்தார், அந்தப் பெண்ணுக்கு அம்மை வார்த்தது எந்த வருஷம், பஞ்சத்தில் நிலத்தை விற்றபோது யார் அழுதார்கள் — எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். எங்கள் குடும்பத்து ஆண்பிள்ளைகள் ஒருவருக்கும் பாட்டனாருக்கு மேலே ஒரு பெயர் தெரியாது. பதினாறு வயதில் வேறு வீட்டுக்குப் போனவள், அறுபது வருஷமாக எங்கள் பெயர்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் அதற்கு இடம் கொடுக்காமல் வேறொன்று கேட்டாள்.

"அது சரிடா, காடு வெட்டினானே ஜான், அவன் பெண்டாட்டி பேர் என்ன?"

1379-ல் யார்க்‌ஷயர் முழுவதும் தலைவரி வாங்கினார்கள். புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்துக் குறைந்தது நாலு பென்ஸ். அந்தப் பட்டியல்களில் புருஷனின் பெயர் இருக்கும். அதை அடுத்து லத்தீனில், 'அவன் மனைவியும்' என்று எழுதியிருக்கும்.

"அவன் மனைவி என்றுதான் எழுதியிருக்கிறார்கள், அத்தை" என்றேன்.

அத்தை மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்ளாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு மடியில் கிடந்த சின்னவளின் தலைமயிரைக் கோதிக்கொண்டே, "என் பாட்டி பேர் உனக்குத் தெரியுமாடி?" என்று ஆரம்பித்தாள்.